இஞ்சேருங்கோ, ஒதுங்குங்கோ

அம்புலன்ஸ் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் தில்லைநாதன் சந்தியின் நட்டநடுவில் வான் வண்டியை நிறுத்தினார். முன்னால் பார்த்தார், பக்கத்தில் பார்த்தார், கடைசியில் ஆகாயத்தையும் ஒருமுறை பார்த்தார். சைரன் மட்டும் காதைப் பிளந்தது.

அம்புலன்ஸ் அவருக்கு நேர் பின்னால் நின்றது. அதன் சாரதி இரண்டு கைகளையும் ஆட்டி 'விலகு, விலகு' என்றார். அதைக் கண்ணாடியில் கண்ட தில்லைநாதன், 'அசையாதே' என்று சொல்கிறார் என நினைத்து பிரேக்கை இன்னும் இறுக்கி மிதித்தார். பொறுத்துப் பார்த்த அம்புலன்ஸ் நடைபாதையில் ஏறி, ஒரு பூச்சாடியைச் சாய்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தது.

மனிதர் ஓட்டத்தில் குறைந்தவர் என்று யாரும் சொல்ல முடியாது. சுவிசின் வின்டர்தூர் நகரில் ஒரு சலவைக் கொம்பனியின் வானில் வெள்ளைத் துணி ஏற்றிக்கொண்டு ஹோட்டல் ஹோட்டலாகப் போய் வருபவர். எந்தச் சந்துக்குள்ளும் பின்பக்கமாக வானை விட்டு எடுப்பார். சைரன் கேட்டால் மட்டும் கையும் ஓடாது, காலும் ஓடாது.

இது இரண்டாவது முறைப்பாடு. கொம்பனியின் செஃப், அதாவது மேலதிகாரி அம்மா, ஃப்ராவ் கெல்லர் அவரைக் கூப்பிட்டு நிறுத்தி நிதானமாகச் சொன்னார். சுவிஸ்காரர் நிதானமாகப் பேசினால்தான் பயப்பட வேண்டும்.

"இன்னொரு தடவை இப்படி நடந்தால், ஹெர் தில்லைநாதன், வான் திறப்பை என் மேசையில் வையுங்கள். துணி மடிக்கிற பகுதியில் உங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது."

துணி மடிக்கிற பகுதி! நீராவிக்குள் நின்று நாள் முழுக்கத் தலையணை உறை மடிக்கிற பகுதி. அங்கே ஏற்கனவே நிற்பவர் அவருடைய சிநேகிதர் குகதாசன். வானுக்குள் தில்லைநாதன் ராசா. மடிக்கிற மேசையில் குகதாசனின் வாய்க்கு அவல்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் விசயத்தைச் சொன்னார்.

"கண்ணாடியைப் பாத்து ஓடுங்கோ எண்டு நான் எத்தினை தரம் சொன்னனான்?" என்றாள் மனைவி கஜலக்சுமி.

"ஓம் ஓம்" என்றார் தில்லைநாதன். அவள் சொன்னது காதில் விழவில்லை. கலியாணமான நாளிலிருந்து அந்தக் குரலுக்கு அவர் காது அப்படித்தான் பழகியிருந்தது.

மகள் தக்ஷிகாதான் லப்டொப்பிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "அப்பா, எங்கட வேலையிடத்திலை இதுக்குத்தான் ஆப் ஒண்டு செய்யிறம். அம்புலன்ஸ், ஃபயர் எஞ்சின் எல்லாம் நீல லைற்றைப் போட்ட உடனை தாங்கள் நிக்கிற இடத்தை அனுப்பும். கிட்ட வந்தால் உங்கட போன் வாயாலை சொல்லும், எந்தப் பக்கத்தாலை வருது எண்டு. பரீட்சைக்கு ஓடிப் பாக்க ஆக்கள் தேடுறம். போட்டு விடட்டோ?"

"ரெண்டு வண்டி வந்தாலும் சொல்லுமோ?"

"பத்து வந்தாலும் சொல்லும்."

"அப்ப போடு பிள்ளை, போடு!"

முதலில் ஜெர்மன் குரல். அடுத்த நாளே பேசியது. ஜெர்மனில் அவசர வண்டிக்கு உள்ள பெயரே அரை முழ நீளம். அந்தச் சொல்லை அவர் மனதுக்குள் பிரித்து, பொருள் பிடித்து, வாக்கியத்தின் கடைசியில் வந்த வினைச்சொல்லையும் கேட்டு முடித்தபோது, அம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்கே போய்விட்டது. நல்ல காலம், அன்றைக்கு அது எதிர்ப்பக்கத்தால் வந்தது.

"பிள்ளை, எனக்குத் தமிழிலை சொன்னால்தான் உடனை ஏறும்."

தக்ஷிகா கணினித் தமிழ் ஒன்றை ஏற்றினாள். "அன்புடையீர், அவசர ஊர்தியொன்று தங்களைப் பின்புறமாக அணுகிக்கொண்டிருக்கின்றது" என்றது அது. தில்லைநாதன் அசந்து போனார். என்ன வடிவான தமிழ்! அதை இன்னொருமுறை கேட்க வேண்டும் என்று வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த பொலிஸ் கார் சைரனோடு ஹோர்னையும் சேர்த்து அடித்துவிட்டு, அவரைச் சுற்றிக்கொண்டு போனது.

"உது சரிவராது. ஆள் கதைக்கிற மாதிரி வேணும். குகதாசனைக் கேப்பம்."

குகதாசன் மடிப்புப் பகுதியில்தான் நிற்கிறார் என்றாலும், தமிழர் மண்டபங்களில் அவர்தான் அறிவிப்பாளர். மைக் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை கோட் போட்டுக்கொண்டு வந்து, தண்ணீர் குடித்து, தொண்டையைச் சரிசெய்து, பேசிக் கொடுத்தார். திங்கட்கிழமை பாலத்தடியில் அது ஒலித்தது.

"மதிப்புக்கும் மாண்புக்கும் உரிய வாகன ஓட்டுநரே, தாய்மாரே, தந்தைமாரே, அனைவருக்கும் எனது மாலை வணக்கம். முதற்கண்..."

முதற்கண் முடியும்போது அம்புலன்ஸ் போய்விட்டது. அதுவும் காலை நேரம்.

"மாமா, ஒரு வரி எண்டெல்லோ சொன்னனான்!" என்று தக்ஷிகா போனில் கத்தினாள்.

"வணக்கம் சொல்லாமல் எப்பிடிப் பிள்ளை தொடங்கிறது? சபைக்கு மரியாதை இல்லையோ?" என்றார் குகதாசன்.

வேறு வழியில்லாமல் தக்ஷிகா தாயிடம் போனை நீட்டினாள். கஜலக்சுமி புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தாள். கையைக்கூடக் கழுவவில்லை. ஒரே மூச்சில் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, பின்னாலை அம்புலன்ஸ் வருது. வலப்பக்கம் ஒதுங்குங்கோ."

"அம்மா, சூப்பர்! இதைவிட வடிவாய் ஒருத்தராலையும் ஏலாது" என்றாள் மகள். சுருக்கம், தெளிவு, பக்கமும் சொல்லியாயிற்று. வேறு வண்டிகளுக்கும் அதேபோல் பேசி வாங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஃபயர் எஞ்சின் வந்தது. போன் பிசகில்லாமல் பேசியது. "இஞ்சேருங்கோ, பின்னாலை ஃபயர் எஞ்சின் வருது. வலப்பக்கம் ஒதுங்குங்கோ."

"ஓம் ஓம், வாறன்" என்றார் தில்லைநாதன், பழக்கதோசத்தில். சொல்லிவிட்டு நடுவீதியில் நேராக ஓடினார். போன் மறுபடியும் சொன்னது. "ஓம் எண்டுறன், பிறகு பாப்பம்" என்றார். ஃபயர் எஞ்சின் அவருடைய வாலைப் பிடித்தபடி தீயணைப்பு நிலையத்துச் சந்திவரை ஊர்வலம் வந்தது.

அந்த ஊர்வலத்தில் மூன்றாவதாக வந்த கார் ஃப்ராவ் கெல்லருடையது.

"திங்கட்கிழமை என்னுடைய முடிவைச் சொல்கிறேன்" என்றார் அவர். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போகும்போது திரும்பிப் பார்த்து, "நாளைக்குக் கலியாணத்துக்கு எத்தனை மணிக்கு வந்து ஏற்றுவீர்கள்?" என்று கேட்டார்.

தில்லைநாதன் கலியாணத்தை மறந்தே போயிருந்தார். மைத்துனர் பத்மநாதனின் மகளுக்கு ஷாஃப்ஹவுசனில் கலியாணம். தமிழர் வீட்டுக் கலியாணமென்றால் செஃப்புக்கு அழைப்புக் கொடுக்காமல் விட முடியுமா? கொடுத்திருந்தார். 'எங்கட காரிலையே கூட்டிக்கொண்டு போறன்' என்று வாயையும் கொடுத்திருந்தார்.

வீட்டில் அன்று பின்னேரம் அவசரகாலச் சட்டம்.

"குரலை மாத்து பிள்ளை!"

"இண்டைக்குள்ளை ஏலாது அப்பா. அம்மாவின்ரை குரலிலை என்ன பிழை?"

"பிழை குரலிலை இல்லை" என்றாள் கஜலக்சுமி. "நான் சமையலறை பத்துது எண்டு கத்தினாலும் உங்கட கொப்பர் 'ஓம் ஓம், வாறன்' எண்டுதான் சொல்லுவார்."

அவள் குரலில் கோபத்தைவிட வேறு என்னவோ இருந்தது. தில்லைநாதன் அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

"நான் பழகிறன். அது கஜலக்சுமி இல்லை, மெசின். அதை மட்டும் மண்டைக்குள்ளை ஏத்தினால் காணும்."

சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தார். தக்ஷிகா போனை அமத்தி அந்தக் குரலை ஓடவிட்டாள். போன் 'இஞ்சேருங்கோ' என்றவுடன் "மெசின்!" என்று சொல்லிக்கொண்டு அவர் வலப்பக்கம் பாய வேண்டும். முதல் பாய்ச்சலில் சம்பல் கோப்பை போனது. இரண்டாவதில் கதிரை சரிந்தது. நாலைந்து தரத்துக்குப் பிறகு மனிதர் போன் வாயைத் திறக்க முன்னமே ஒதுங்கினார்.

"இஞ்சேருங்கோ, குப்பைப் பையைக் கொண்டுபோய்க் கீழை வையுங்கோவன்" என்றாள் கஜலக்சுமி சமையலறையிலிருந்து.

"ஓம் ஓம், வாறன்" என்றார் அவர். அசையவில்லை. பயிற்சி பலித்துவிட்டது என்று அவருக்கு நல்ல சந்தோசம்.

மறுநாள் காலை வீடு அல்லோலகல்லோலப்பட்டது. மணப்பெண்ணின் தோழியாக நிற்க வேண்டிய தக்ஷிகா சிநேகிதியின் காரில் முன்னமே வெளிக்கிட்டாள். "அப்பா, ஆப்பைப் போட்டுவிட்டுப் போனைப் பைக்குள்ளை வைச்சிட்டன். குரல் நல்லாக் கேக்கும்" என்று படியிலிருந்தே கத்தினாள். பட்டு வேட்டி கட்டியிருந்த தில்லைநாதனுக்கும் அதுதான் வசதி.

பைகளும் பலகாரத் தட்டங்களும் பின்சீற்றில் ஏறின. அவற்றுக்கு நடுவில் கஜலக்சுமி ஏறினாள். கதவைச் சாத்தமுன் தில்லைநாதன் குனிந்து சொன்னார்.

"இஞ்சை பாரும். இண்டைக்குச் செஃப் முன்னுக்கு இருக்கிறா. மெசின் சொல்லுறது எனக்குத் தெளிவாய்க் கேக்க வேணும். ஷாஃப்ஹவுசன் மட்டும் நீர் வாயைத் திறக்கக் கூடாது. விளங்குதோ?"

கஜலக்சுமி அவரைப் பார்த்தாள். "விளங்குது" என்றாள்.

ஃப்ராவ் கெல்லர் பச்சைச் சேலை உடுத்து, நெற்றியில் பொட்டும் வைத்து வாசலில் நின்றார். முன்சீற்றில் ஏறிப் பெல்ற்றைப் போட்டார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு வீதியையே பார்த்தார். வாகனப் பரீட்சை எடுக்க வந்தவர்கூட அப்படிப் பார்க்கமாட்டார்.

வின்டர்தூர் கழிந்து, வயல்வெளி வந்தது. ஒரு வளைவு தாண்டியதும் குரல் கேட்டது.

"இஞ்சேருங்கோ, பின்னாலை அம்புலன்ஸ் வருது. வலப்பக்கம் ஒதுங்குங்கோ."

மெசின்! என்று சொல்லிக்கொண்டார் தில்லைநாதன், மனதுக்குள். சிக்னலைப் போட்டார், வேகத்தைக் குறைத்தார், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வலப்பக்கம் ஒதுங்கினார். அதற்குப் பிறகுதான் சைரனே கேட்டது. அம்புலன்ஸ் விர்ரென்று கடந்து போனது. அதன் சாரதி கையை உயர்த்தி நன்றி காட்டினார்.

தில்லைநாதனுக்குக் கண் கலங்கியது. சைரன் வண்டிக்காரர் ஒருவர் அவருக்குக் கை காட்டி, அது திட்டாக இல்லாமல் இருந்தது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. உற்சாகத்தில் காரை எடுக்கப் போனார்.

"நில்லுங்கோ! வெளிக்கிடாதேங்கோ. இன்னுமொண்டு வருது."

நின்றார். ஃபயர் எஞ்சின் ஒன்று இடியைப்போலப் போனது. எடுத்திருந்தால் அதன் மூக்கில்தான் கலியாணம் பார்த்திருக்க வேண்டும்.

"இப்ப எடுங்கோ. மெல்லமாய். பக்கத்திலை கான் கிடக்கு."

அட, வீதியோரத்து வாய்க்காலையும் பார்க்கிறதே! என் பிள்ளை கெட்டிக்காரிதான் என்று தில்லைநாதன் பூரித்துப் போனார். மெல்லமாய் எடுத்தார்.

ஃப்ராவ் கெல்லர் பின்சீற்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அதுவரைக்கும் எனக்குச் சைரன் கேட்கவே இல்லை. நீங்கள் எவ்வளவு கெதியில் ஒதுங்கினீர்கள்!"

"எல்லாம் அந்தக் குரல்தான், ஃப்ராவ் கெல்லர்" என்றார் தில்லைநாதன் தன்னுடைய ஜெர்மனில். "என்ன அறிவு! என்ன பொறுமை! ஒரு பிழை சொல்லாது. இவ்வளவு காலமும் கேளாமல் விட்டது என்னுடைய மடத்தனம். இனி அந்தக் குரல் நில் என்றால் நிற்பேன், போ என்றால் போவேன். சாகுமட்டும் அப்படித்தான்."

பின்னால் பலகாரத் தட்டம் ஒன்று சின்னதாய்ச் சத்தமிட்டது. கண்ணாடியில் பார்த்தபோது கஜலக்சுமி சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தாள். கலியாண வீட்டு நினைப்பாக்கும் என்று நினைத்தார்.

"திங்கட்கிழமை வழமைபோல வானை எடுங்கள்" என்றார் ஃப்ராவ் கெல்லர். "இப்படிக் கேட்டு நடக்கிற மனிதரை நான் எங்கே தேடுவேன்? என் புருசனுக்கும் இதைச் சொல்லத்தான் போகிறேன்."

தில்லைநாதனுக்குக் கார் நிலத்தில் ஓடுகிறதா என்றே தெரியவில்லை. மண்டப வாசலில் நிறுத்திக் கீழே இறங்கினார். நாதஸ்வரம் தனக்காகவே ஊதுகிற மாதிரி இருந்தது. பின்கதவைத் திறந்து, தட்டத்தோடு இறங்கிய மனைவியிடம், சந்தோசம் தாங்காமல், தாராள மனதோடு சொன்னார்.

"பாத்தீரே கஜலக்சுமி? நீர் வாயைத் திறக்காமல் இருந்தபடியால்தான் எல்லாம் வடிவாய் நடந்தது."

கஜலக்சுமி தட்டத்தை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

அப்போது தக்ஷிகா பட்டுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தோளில் ஒரு பை ஆட, மண்டபத்துக்குள்ளிருந்து ஓடி வந்தாள்.

"அப்பா, சொறி! அவசரத்திலை உங்கட போன் கிடந்த பையை நான் மாறித் தூக்கிக்கொண்டு வந்திட்டன். ஆப் இல்லாமல் என்னெண்டு இவ்வளவு தூரம் ஓடி வந்தனீங்கள்?"