பக்கத்துக் கொட்டகைக்குப் போன வெளிச்சம்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு வெளிச்சத்தின் வரலாற்றில் நடந்த அடுத்த பெரிய காரியம், மோகனூர் சாலையில் கோழிப்பண்ணை வைத்திருந்த வெள்ளியங்கிரி தம் கொட்டகையின் குண்டு பல்புகளைக் கழற்றிவிட்டு டியூப்லைட் மாட்டியதுதான். இடையில் மண்ணெண்ணெய், பெட்ரோமாக்ஸ் என்று சில சில்லறை முன்னேற்றங்கள் நடந்திருக்கலாம். அவற்றை அவர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

கோழிக்கு எதற்கு விளக்கு என்று கேட்பவர்கள் நாமக்கல் பக்கத்து ஆட்களாக இருக்க முடியாது. பொழுது நீளமாக இருக்கிறது என்று நம்பினால்தான் முட்டைக்கோழி ஒழுங்காக முட்டையிடும். ஆகவே சூரியன் வேலையை முடித்துக்கொண்டு போன பிறகும் விளக்கைப் போட்டு, 'இன்னும் பகல்தான்' என்று அதை நம்பவைக்க வேண்டும். மேடை போட்டு மக்களுக்குச் செய்வதைக் கொட்டகை போட்டுக் கோழிக்குச் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

வெள்ளியங்கிரிக்கு ஞானம் பிறந்த இடம் நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபம். அங்கே 'சிறுதொழில் மின் சிக்கன விழிப்புணர்வுக் கூட்டம்' நடந்தது. உச்சிவேளையில் மண்டபத்தின் எல்லா விளக்குகளும் எரிந்தன. வாசலில் சீரியல் செட் வேறு கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர், "குண்டு பல்பு தின்கிற கரண்டில் பெரும்பகுதி சூடாகத்தான் போகிறது. டியூப்லைட்டோ குறைவாகத் தின்று நிறைய வெளிச்சம் தருகிறது" என்றார்.

அரிசி மில்காரர் ஒருவர் எழுந்தார். "ஏனுங்க சார், லைட்டே போடாம இருந்தா இன்னும் மிச்சமாகுமுங்களே?"

"அது அடுத்த கட்டம்" என்றார் அதிகாரி கம்பீரமாக.

அன்று சாயங்காலமே வெள்ளியங்கிரி டியூப்லைட்டுகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் ஏறினார். கண்டக்டர், "ஆளுயரம் இருக்குதுங்களே, அதுக்கு அரை டிக்கெட்டாவது எடுங்க" என்றார். "இது உக்காராதுப்பா, நின்னுக்கிட்டேதான் வரும்" என்று வெள்ளியங்கிரி வாதாடி ஜெயித்தார். மிச்சம் பிடிப்பது பஸ்ஸிலேயே தொடங்கிவிட்டது.

விளக்கு வைத்ததும் கும்பிடுவது அவர் மனைவி சௌந்திரத்தின் வழக்கம். ஸ்விட்சைப் போட்டாள். டியூப் ஒரு மின்னு மின்னியது, கும்பிட்டாள். அணைந்தது. மறுபடி மின்னியது, மறுபடி கும்பிட்டாள். ஊரில் வோல்டேஜ் அப்படி. கடைசியில், "கழுத்து வலிக்குதுங்க. அது ஒரு முடிவுக்கு வந்ததும் கூப்புடுங்க, வாரேன்" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆனால் எரிந்தபோது எரிந்தது. சுண்ணாம்பு அடித்தாற்போல வெள்ளை வெளிச்சம். அடுத்த மாதம் கரண்டு பில் இறங்கியது. வெள்ளியங்கிரி அந்த பில்லைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீக்கடை டீக்கடையாகப் போனார். "என்னமோ நானே கரண்டைக் கண்டுபுடிச்ச மாதிரி திரிஞ்சேனுங்க. அப்ப என்ற மண்டையில ஜீரோ வாட்ஸுதான் எரிஞ்சுது" என்று பிற்காலத்தில் அவரே சொல்வார். அப்போது சொல்லவில்லை.

இந்த 'மின் சிக்கன இயக்கத்துக்கு' ஆபத்து ஒரு நன்றி வடிவத்தில் வந்தது.

வண்டித்தடத்துக்குத் தெற்கே பங்காளி காளியண்ணனின் கொட்டகை. அவன் சம்சாரம் சென்னியம்மாள் ஒருநாள் தூக்குவாளி நிறைய முறுக்குடன் வந்தாள். "அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும். உங்க லைட்டு வெளிச்சம் எங்க கொட்டாயி வரைக்கும் அடிக்குது. எங்கூட்டுக்காரரு எங்க பல்பையெல்லாம் அமத்திப் போட்டாருக்கா. அப்படியும் கோழி நல்லா முட்டையிடுது!"

உள்ளே இருந்த வெள்ளியங்கிரிக்கு வாயிலிருந்த முறுக்கு கல்லானது. அவள் போனதும் வெளியே வந்தார்.

"கேட்டியா புள்ள? நம்ம கரண்டுல அவன் கோழி முட்டையிடுது!"

"அதனால நம்ம கோழி கொறையா இடுதுங்களா?"

"அதில்ல பேச்சு."

"அப்பறம் எதுங்க பேச்சு?"

எது பேச்சு என்று அவருக்கே தெரியவில்லை. தெரியாத காரணங்களுக்காகத்தான் பெரிய போர்கள் நடந்திருக்கின்றன. அவர் நேராக வண்டித்தடத்தைத் தாண்டினார்.

காளியண்ணன் தீவனம் கொட்டிக்கொண்டிருந்தான். "நானென்னங்கண்ணா பண்ணட்டும்? வெளிச்சம் அதுவா வருது. போன்னா போவ மாட்டேங்குது. வேணும்னா பில்லுல ஒரு பங்கு நான் குடுத்தர்றனுங்க."

இது நியாயமாக இருந்ததால் வெள்ளியங்கிரிக்கு இன்னும் கோபம் வந்தது. பங்கு வாங்கிக்கொண்டால் அவன் கோழிகள் உரிமையோடு முட்டையிடும். இப்போதாவது திருட்டுத்தனமாக இடுகின்றன.

மறுநாள் மின்சார ஆபீசுக்குப் போனார். குமாஸ்தா பேனாவை எடுத்தார்.

"என்ன கம்ப்ளெய்ன்ட்டு?"

"லீக்கேஜுங்க."

"ஷாக் அடிக்குதா?"

"எனக்கு அடிக்குதுங்க. லீக்காவறது வெளிச்சம்."

குமாஸ்தா பேனாவை மூடினார். "ஒயருக்குள்ள இருக்கற வரைக்கும் அது கரண்டு, எங்க பொறுப்பு. லைட்டை உட்டு வெளிய வந்துட்டா அது வெளிச்சம், உங்க சொந்தப் பொறுப்பு."

சொந்தப் பொறுப்பை வெள்ளியங்கிரி ஏற்றுக்கொண்டார். லாரிப் பட்டறையிலிருந்து ஒரு பழைய தார்ப்பாயையும் புதுக் கயிற்றையும் கொண்டுவந்து, கொட்டகையின் தெற்குப் பக்கக் கம்பிவலை முழுவதையும் மூடினார். கல்கத்தாவுக்கு லோடு அனுப்புகிற மாதிரி முடிச்சு மேல் முடிச்சு. ஒரு பொட்டு வெளிச்சம் வெளியே போகவில்லை. காளியண்ணன் கொட்டகை இருட்டானது. அவன் தன் பல்புகளைப் போட்டுக்கொண்டான். அவ்வளவுதான் அவனுக்கு நேர்ந்த தண்டனை.

"காத்து வர்ற பக்கமுங்க அது" என்றாள் சௌந்திரம்.

"காத்து வடக்கயும் வரும்."

"வடக்க தீவனக் குடோனுச் செவுரல்லங்க இருக்குது? செவுத்த ஓட்டை போட்டுக்கிட்டா வரும்? சித்திர வெயிலுங்க. பகல்லயாவது அவுத்து உடுங்க."

"தெனமும் அவுத்துக் கட்டறதுக்கு ஆள் கூலி ஆரு குடுக்கறது? அப்பறம் கரண்டை மிச்சம் புடிச்சு என்ன புண்ணியம்?"

சிக்கனத்தின் இலக்கணம் இது. மிச்சம் பிடித்ததைக் காப்பாற்ற மேலும் மிச்சம் பிடிக்க வேண்டும்.

கத்திரி தொடங்கிய இரண்டொரு நாளில், வெயில் தலைக்கு நேரே நின்றபோது, வெள்ளியங்கிரி நாமக்கல் டீக்கடையில் லாரிக்காரர்களுக்கு மின் சிக்கனம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இங்கே கொட்டகைக்குள் தண்ணீர் வைக்கப் போன சௌந்திரம் அப்படியே நின்றுவிட்டாள். அடுப்புக்குள் தலையை விட்டமாதிரி அனல். கூண்டுக்குக் கூண்டு கோழிகள் வாயைப் பிளந்து, இறக்கையை விரித்து, மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தன. முன்வரிசையில் சில அதையும் நிறுத்திவிட்டிருந்தன. அவள் ஓடிப்போய் முடிச்சைப் பிடித்து இழுத்தாள். நகம் பிய்ந்தது, முடிச்சு அசையவில்லை.

"கொழுந்தனாரே! ஓடியாங்க, ஓடியாங்க!"

காளியண்ணன் அருவாளோடு ஓடிவந்தான். கயிறுகளை வரிசையாக அறுத்தெறிந்தான். சென்னியம்மாள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள்.

வெள்ளியங்கிரி வந்து சேர்ந்தபோது, வண்டித்தடம் முழுக்கச் செத்த கோழிகள் கிடத்தப்பட்டிருந்தன. பாதிக்கு மேல் போய்விட்டது. மூன்று பேரும் தலை முதல் கால் வரை நனைந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை: "கயித்த எதுக்கு அறுத்தீங்க? புதுக் கயிறு."

சௌந்திரம் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை மோகனூர் ஆறு வரைக்கும் அடித்தது. "அந்த வார்த்தைய இப்ப நெனச்சாலும் நாக்கைப் புடுங்கிக் கோழிக்குப் போடலாம்னு இருக்குதுங்க. ஆனா கோழியும் திங்காது" என்பார் பிற்காலத்தில்.

மிஞ்சிய கோழிகளுக்கு அந்தக் கொட்டகையைக் கண்டாலே கிலி பிடித்திருந்தது. காளியண்ணன்தான், "எங்கொட்டாயில ஒரு பக்கம் காலியாக் கெடக்குது. இங்க உடுங்கண்ணா, தேறட்டும்" என்றான். வெள்ளியங்கிரியின் கோழிகள் தடத்தைத் தாண்டி, பங்காளியின் குண்டு பல்பு வெளிச்சத்தில் முட்டையிடத் தொடங்கின. முட்டைகளைச் சென்னியம்மாள் தனிக்கூடையில் கொண்டுவந்து கொடுத்தாள். வெளிச்சத்துக்குப் பங்கு கேட்கவில்லை.

வெள்ளியங்கிரியின் கொட்டகையில் ஒரு விளக்கும் எரியவில்லை. மீட்டரின் சக்கரம் நின்றுபோனது.

இதைத்தான் மேலிடம் கவனித்தது. கண்ணாடி போட்ட அதிகாரி ஜீப்பில் நேரிலேயே வந்தார். கொட்டகைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. மீட்டர் வெளிச்சுவரில் இருந்ததால் அதற்கு அவசியம் ஏற்படவில்லை. மீட்டரைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "மாவட்டத்திலேயே இப்படி ஒரு சிக்கனத்தை நான் கண்டதில்லை!" என்று வெள்ளியங்கிரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். 'மின் சிக்கனச் செம்மல்' கேடயம் அங்கேயே முடிவாயிற்று.

"விழாவுக்கு நான் போவுல" என்றார் வெள்ளியங்கிரி.

"போயிட்டு வாங்க" என்றாள் சௌந்திரம். "செத்த கோழிவளுக்கு ஒரு கருமாதியும் பண்ணுல. அதுவளுக்குச் செஞ்ச மரியாதைன்னு நெனச்சுக்குங்க."

விழா மண்டபத்தில் நூல் மில்லுக்காரர்கள், போர்வெல் ரிக் லாரி முதலாளிகள், ஓட்டல்காரர்கள், பட்டறைக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் காளியண்ணனும் சென்னியம்மாளும் சௌந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாலை போட்டார்கள். கேடயம் கொடுத்தார்கள். அதிகாரி மைக்கில், "இந்த அபார மிச்சத்தை எப்படிச் சாதித்தார்? அந்த வழிமுறையை நம் செம்மலே விளக்குவார். நீங்கள் அனைவரும் பின்பற்ற வேண்டும்" என்று முழங்கினார்.

வெள்ளியங்கிரி மைக் முன்னால் நின்றார். தொண்டையைக் கனைத்தார். கடைசி வரிசையில் காளியண்ணன் அவருக்காக ஏற்கெனவே கைதட்டத் தொடங்கியிருந்தான். அதைப் பார்த்ததும் அவருக்கு வாய் கோணிக்கொண்டது.

"பெரிய வித்தையெல்லாம் இல்லீங்க. புது லைட்டு வாங்கோணும்னு கூட இல்ல. பக்கத்துல இருக்கறவன் நல்லா இருக்கறதைப் பாத்துப் பொறுக்க மாட்டாம இருந்தாப் போதுமுங்க. மத்ததெல்லாம் தானா நடக்கும். ஒரே சித்திரையில கரண்டுச் செலவே இல்லாமப் பண்ணிப்போடலாம்."

புதிதாக எதையோ வாங்கி மாட்டச் சொல்வாரோ என்று பயந்திருந்தவர்கள், இவ்வளவுதானா என்று மூச்சுவிட்டார்கள். அப்புறம் கூரை அதிர அதிரக் கைதட்டினார்கள். அந்த ஏற்பாடு எல்லோரிடமும் ஏற்கெனவே இருந்தது.