முன்தட்டில் ஒரு பொதி

திகதி முடிந்த பொதி அலுமாரியின் முன்தட்டிலேயே, கண்ணுக்கு நேரே இருந்தது. கேதீஸ்வரி அதை வெளியே எடுத்தாள். அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் கிருமி நீக்கிய பொதிகளுக்கு அவள் பொறுப்பேற்று ஒரு மாதம். நாளைக் காலை சுகாதாரத் திணைக்களத்து ஜிப்ரி சேர் வருடாந்த ஆய்வுக்கு வருகிறார். களஞ்சியத்தில் பிழை கண்டால் பொறுப்பு போய்விடும்.

கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பிவந்து இழுத்துப் பார்க்கிறவள் அவள். நேற்றுவரை இது எப்படித் தன் கண்ணில் படாமல் போனது என்பதுதான் அவளை அரித்தது.

மறுபடி நீராவியில் அவித்துக் கிருமி நீக்கலாமென்று பிரித்தாள். உள்ளே கத்தரிக்கோலும் இல்லை, இடுக்கியும் இல்லை. பழைய துவாய் ஒன்று, அழகாக மடித்தபடி.

பொதி கட்டுகிற சிற்றூழியர் சின்னத்தங்கம் வேளாண்மை வெட்டுக்கென்று நேற்று மாலைதான் லீவில் வெல்லாவெளி போயிருந்தாள். வயல் வட்டைக்குள் போன் எடுபடவில்லை.

அப்படியானால் மற்றப் பொதிகளுக்குள்? ஒன்றைப் பிரித்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அது தற்செயலாக இருக்கலாமே என்றது மனம்.

எட்டிப்பார்த்த வார்டு தாதி தனுஷா, "பிரிச்சா திரும்ப அவிக்கணுமே மிஸி?" என்றாள்.

"ஓம். பாக்காட்டி எனக்கு நித்திரை வராதுகா."

அலுமாரியில் மிச்சமிருந்த இருபத்துமூன்றையும் பிரித்தாள். இருபத்துமூன்றும் சரி. பிரசவ அறையில் தனியாக இருந்த நாலைத் தவிர, இப்போது ஆஸ்பத்திரியில் பாவிக்கத்தக்க பொதி ஒன்றுகூட இல்லை.

மாலைக்குள் எல்லாவற்றையும் சுற்றி, அவித்து, ஆறவிடப் பொறுமையில்லாமல் இரும்புத் தட்டில் அடுக்கினாள். பொதிகளின் அடி வேர்த்து நனைந்துவிட்டது. ஈரமான பொதியும் திறந்த பொதியும் ஒன்றுதான். விடியலில் மறுபடியும் முதலிலிருந்து.

பத்து மணிக்கு ஜிப்ரி சேர் வந்தபோது எல்லாம் காய்ந்து, ஒரே திகதியோடு வரிசையில் இருந்தன. அவர் முன்தட்டையே நெடுநேரம் பார்த்தார். எதையோ தொலைத்தவர்போல் குனிந்தும் பார்த்தார்.

"இங்க ஒண்டுமில்லையே," என்றார். "சரி, வந்த வேலைக்கு மத்ததையும் பாப்பம்."

கூரை, தண்ணீர்த் தாங்கி, கழிப்பறை, சமையலறை. பகல் இரண்டு மணிக்கு அறிக்கையில் பதினேழு பிழைகள். களஞ்சியத்தில் ஒன்றுமில்லை, அவள் பொறுப்புத் தப்பியது. ஆனாலும் டொக்டர் முதல் காவலாளிவரை அவளையே பார்த்தார்கள்.

பின்னேர பஸ்ஸில் வந்திறங்கிய சின்னத்தங்கம், பையைக்கூட வைக்காமல் அலுமாரியைத் திறந்தாள்.

"என்ட துவாய்ப் பொதி எங்க மிஸி? வருஷா வருஷம் சேருக்கெண்டே முன்னுக்கு வைக்கிறது. அந்த ஒரு பிழையக் கண்டாரெண்டா எழுதிட்டு, தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போயிருவாரே."