ஏலத்துல எடுத்த இண்டர்காம்

லட்சுமணசாமி ஊட்டுக்குள்ள கால் வெச்சா, அவரு சம்சாரம் ராமாமணி போனை வெச்சுபோடறாங்க. ஒரு நாளா, ரெண்டு நாளா? பத்து நாளா இதே கூத்துதானுங்க.

ஊடு சூலூர்ல. முன்னால ஆபீஸ் ரூம், நடுவுல ஊடு, பின்னால இருபத்திநாலு விசைத்தறி ஓடற தகரக் கொட்டாய். அந்தத் தகரத்துக்குப் பயந்துக்கிட்டு செல்போன் சிக்னல் ஒரு புள்ளிகூட உள்ள வராது. அதனால கம்பெனிப் பேச்சும் சரி, ஒறம்பரை, சொந்தபந்தப் பேச்சும் சரி, ஹால்ல இருக்கற ஒரே லேண்ட்லைன்லதான்.

பதினோராம் நாள் மனுசன் செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு, மூச்சை அடக்கி, கதவோரமா வந்து நின்னாரு. ராமாமணி தன்ற தம்பி வம்சிகிட்டப் பேசிக்கிட்டிருந்தாங்க.

"உங்க மாமா மனசு நோகாம மாத்திப்போடோணும் கண்ணு. அவரானா நாக்காலிய உட்டு எந்திரிக்க மாட்டாரு. அதான் ரோசனை."

வம்சி எம்.பி.ஏ. முடிச்சுட்டு சும்மா உக்காந்திருக்கற பையன். அப்படீன்னா முதலாளி நாக்காலிக்கு மச்சினன் வாரான்! இருபத்திரெண்டு வருசம் உக்காந்து பள்ளம் உழுந்த நாக்காலி அது. கேட்டவனுக்கெல்லாம் "ஆகட்டுமுங்க, குடுத்துபோடலாம்"னு மொகங்கோணாமச் சொல்லி, ஒரே தறிக்கு மூணு பார்ட்டி ஆர்டரைப் புடிச்ச நாக்காலி. போன தீவாளிக்கு அந்த மூணு பார்ட்டியும் ஒண்ணா வாசல்ல நின்னு கத்துனதை ஊரே பார்த்துது. அதுக்காக நாக்காலியவா புடுங்குவாங்க?

"நேராக் கேட்டா மழுப்பிப்போடுவா. கையும் களவுமாப் புடிக்கோணும்"னு முடிவு பண்ணுனாரு.

அந்த வாரமே பல்லடம் ரோட்டுல மூடிக்கெடந்த ஒரு மில்லு சாமானை ஏலம் உட்டாங்க. போனாரு, வாங்குனாரு, வந்தாரு. பழைய இண்டர்காம் பொட்டி ஒண்ணு, போனு எட்டு, ஒயரு ஒரு மூட்டை.

"ஏனுங்க, இது எதுக்குங்க?"ன்னாங்க ராமாமணி.

"கம்பெனின்னா ஒரு கெத்து வேண்டாமா? தறிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, அடுப்படிக்கு ஒண்ணு. இனி நீ ஹாலுக்கு ஓட வேண்டாம் அம்மணி. தாளிச்சுக்கிட்டே உன்ற தம்பிகிட்டப் பேசலாம்."

"நெம்ப நல்லதாப் போச்சுங்க."

மறுபேச்சில்லாம ஒத்துக்கிட்டாளே! அதுலயும் அவருக்கு ஒரு சந்தேகம்.

ஒயர் இழுக்க உக்கடத்துல இருந்து முகமது ரியாஸ் வந்தாரு. பொட்டியைத் தொறந்து, பஞ்சை ஊதி, ஒரு போனைத் தனியா எடுத்து வெச்சாரு.

"அண்ணா, இதுதான் ஆபரேட்டர் போனு. வெளிய இருந்து உங்க லேண்ட்லைனுக்கு வர்ற எல்லாக் காலும் மொதல்ல இதுலதான் அடிக்கும். எடுத்து மத்தவங்களுக்கு மாத்தி உடோணும். இன்னொரு விசயம், ஆரு பேசிக்கிட்டிருந்தாலும் இதுல ஒரு நம்பரை அமுக்குனா நடுவுல நுழைஞ்சுக்கலாம்."

லட்சுமணசாமி காது ரெண்டும் தானா நிமிந்துது. "அதை என்ற மேசை மேல வை தம்பி."

"அண்ணா, அதை வெச்சா எந்திரிச்சுப் போக முடியாதுங்..."

"வைங்கறேன்ல!"

ரியாஸ் அடுப்படிக்குச் சாப்பிடப் போன நேரத்துல, அவசரத்துக்குப் பொறந்தவரு மிச்ச ஒயரைத் தானே முறுக்கிப்போட்டாரு. நீலமென்ன, ஆரஞ்சென்ன, கரண்டு பாஞ்சாச் சரி! சாயங்காலம் கெத்தா அடுப்படி நம்பரை அமுக்கி, "ஒரு காப்பி கொண்டா"ன்னாரு. தறி மேஸ்திரி ரவிக்குமார் அந்தப் பக்கத்துல இருந்து கத்துனாரு: "இங்க தறிதான் ஓடுதுங்க, காப்பி ஓடறதில்லீங்க!" ரியாஸ் தலையில அடிச்சுக்கிட்டு ரெண்டு ஒயரையும் மாத்திக் கட்டிட்டுப் போனாரு.

அடுத்த நாளே அடுப்படி போன்ல பேச்சு. லட்சுமணசாமி கதவைச் சாத்திக்கிட்டு நம்பரை அமுக்குனாரு.

"... அப்படிச் சொல்லாத வம்சி. உங்க மாமா கொரல்ல இருக்கற கம்பீரம் ஆருக்கு வரும்? எந்தப் பார்ட்டி கூப்பிட்டாலும் மொதல்ல அந்தக் கொரல்தான் கேக்கோணும். அப்பத்தான் கம்பெனிக்கு மருவாதி."

லட்சுமணசாமிக்கு உச்சி குளுந்துபோச்சுங்க. அன்னையில இருந்து மணி ரெண்டாவது தரம் அடிக்க உடறதில்லை. "வணக்கமுங்க, லட்சுமணசாமி டெக்ஸ்டைல்ஸ்"னு தொண்டையைச் செருமிக்கிட்டு எடுப்பாரு.

ஆனாலும் சந்தேகம் போகுமா? கட்டுன புருசனை இத்தனை நல்லதா ஒருத்தி பேசுவாளா? மூணாம் நாள் மறுபடி நுழைஞ்சாரு.

"பெரிய மில்லு முதலாளிக ரேட்டுப் பேசியோ, தேதி சொல்லியோ பார்த்திருக்கியா கண்ணு? அதெல்லாம் சில்லறை வேலை. உங்க மாமா அதையும் தானே இழுத்துப்போட்டுக்கறாரு, பாவம்."

அட, ஆமால்ல! அடுத்த பார்ட்டி ரேட்டுக் கேட்டதும், "ரேட்டெல்லாம் உள்ள கேட்டுக்குங்க"ன்னு பெரிய மனுசத் தோரணையில அடுப்படிக்கு மாத்தி உட்டாரு. அதுக்கடுத்தவரையும் அப்படியே. ஒரு மாசத்துல தறி சத்தத்தைவிட அந்த மணிச் சத்தம் சாஸ்தியாப் போச்சுங்க. சித்த நேரம் காலார நடந்து வரக்கூட வழியில்லை. ஆனா வம்சி எப்ப வருவான்கற பயத்துல போன்ல இருந்து காதை மட்டும் எடுக்கவே இல்லை.

தறிப் போன்ல பஞ்சு அடைச்சுதுன்னு ரியாஸ் திரும்ப வந்தாரு. சுத்தம் பண்ணிட்டு, "அண்ணா, அடுப்படியில இருந்து மேஸ்திரிகிட்டப் பேசுங்க, டெஸ்ட் பண்ணிக்கறேன்"னு ஆபீஸ் மேசையில உக்காந்து ஆபரேட்டர் போனை எடுத்தாரு. ராமாமணி அப்பப் பொறவாசல்ல இருந்தாங்க. லட்சுமணசாமி ரவிக்குமார்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுனதும் காதுல 'பீப்'னு ஒரு சத்தம்.

"ரியாசு! என்னப்பா இது, பீப்புங்குது?"

"நாந்தாண்ணா நடுவுல நுழைஞ்சேன். ஆராச்சும் நுழைஞ்சா பேசறவங்க காதுல அப்படிக் கேக்கும். நுழைஞ்சவருக்குக் கேக்காது. அன்னைக்குச் சோறு போடறப்பவே அக்காகிட்டச் சொன்னனே!"

லட்சுமணசாமி போனை வெச்சாரு. பொறவாசல்ல இருந்து ராமாமணி உள்ள வந்தாங்க.

"அப்ப நான் கேக்கறேன்னு தெரிஞ்சேதான் பேசுனியா?"

"ஆமாங்க."

"வம்சி எப்ப வாரான்? மறைக்காமச் சொல்லு!"

"அவன் எதுக்குங்க வாரான்? பெங்களூர்ல வேலை கெடைச்சுப் போய்ச் சேந்துட்டான்."

"அப்ப என்ற நாக்காலி?"

"அதை ஆருங்க கேட்டா? நீங்களே உக்காருங்க. ஆர்டருக்கெல்லாம் நீங்க 'ஆகட்டுமுங்க' சொல்றது நிக்கோணும், உங்க மனசும் நோகக் கூடாது. அதுக்குத்தான் நானும் வம்சியும் பத்து நாளா ரோசிச்சோம். வழியே தெரியலை. நீங்களே ஒரு பொட்டியைக் கொண்டாந்து எறக்குனீங்க."

"கழட்டி எறியறேன் பாரு அந்தப் பொட்டியை!"

"எறிங்க"ன்னுட்டு ராமாமணி அடுப்பைப் பத்த வெச்சாங்க.

ஆபீஸ் ரூம்ல மணி அடிச்சுதுங்க. ரெண்டாவது தரம் அடிக்கறதுக்குள்ள லட்சுமணசாமி ஓடிப் போய் எடுத்துட்டாரு. நெஞ்சை நிமித்தி, "முதலாளி பேசறேன்"னாரு.

"அட வெளையாடாதீங்க ஆபரேட்டரண்ணா, சீக்கிரமா முதலாளியம்மாவுக்குக் குடுங்க"ன்னுது அந்தப் பக்கம்.