அரை மில்லியின் கிளிப்

காலையிலிருந்து போன் ஓயவில்லை. கூப்பிட வேண்டியவள் மட்டும் கூப்பிடவில்லை.

"யாரைக் கேட்டு கிளிப்போட ஓட்டையைப் பெரிசாக்கினீங்க?" இப்போது லிஃப்ட் கதவுப் பிரிவு. அதற்கு முன் கிரேன் பிரிவு.

"அரை மில்லிதானே சார்."

"உங்களுக்கு அரை மில்லி. எங்களுக்கு போல்ட் எல்லாம் லொடலொடன்னு ஆடும்."

போனில் திட்டு வாங்கியவருக்கு டிசைன் பிரிவில் பெயரே அரை மில்லிதான். வயர் தொங்காமல் பிடித்துக்கொள்ளும் அந்தச் சின்ன கிளிப் அவர் வரைந்தது. ஒரு பாகம் எந்தெந்த இயந்திரத்தில் உட்கார்ந்திருக்கிறது, அந்த இயந்திரத்தை வரைந்தது யார் என்று கம்ப்யூட்டரில் கேட்டால் பட்டியல் வரும். பாகத்தை மாற்றினால் பட்டியலில் உள்ள அத்தனை பேருக்கும் தகவல் போகும். அரை மில்லி தினமும் காலையில் வந்ததும் கிளிப்பின் பட்டியலைத்தான் திறப்பார்.

"பெத்த பிள்ளை எங்க சுத்துதுன்னு பார்க்கிற மாதிரி பார்க்கறீங்க," என்று பக்கத்து நாற்காலியிலிருந்து அவர் மனைவி கிண்டல் செய்வாள். அவளும் அதே பிரிவுதான்.

இப்போது அந்த நாற்காலி காலி. வீட்டில் அவள் மாட்டிய அலமாரி அரை மில்லி சாய்ந்திருக்கிறதென்று அவர் கழற்றி மாட்டியதில் வந்த வினை.

"நான் செஞ்சதுல எதையாவது அப்படியே விட்டிருக்கீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"இரு, ஒரு நிமிஷம்," என்றார் இவர், ரசமட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடுத்த வாரமே அவள் வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அலமாரி இப்போது நேராக இருக்கிறது. அதில் வைக்கத்தான் ஒன்றும் இல்லை. போன் செய்ய அவருக்கு ஆசை இருந்தது, முகம் இல்லை.

அப்போதுதான் ஒரு காலையில் பட்டியலில் அவள் பெயர் வந்தது. அங்கே போய் அவள் வரைந்த தண்ணீர்த் தொட்டியில் இவருடைய கிளிப். ஓட்டையைக் கொஞ்சம் மாற்றினால் ஏன் என்று கேட்க அவள் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? "சும்மாதான். சாப்பிட்டியா?" என்ற பதிலைக்கூட அவர் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார். பட்டியலில் மற்ற பெயர்களும் இருந்தது அவர் கண்ணில் படவே இல்லை.

சண்டை தாங்காமல் பழைய ஓட்டையையே திரும்ப வைத்தார்.

"பெரிய போல்ட்டுக்கு ஆர்டர் போட்டாச்சே. விளையாடறீங்களா?" என்றது கிரேன் பிரிவு.

சரி, பெரிய ஓட்டைக்குத் தனி எண்ணில் ஒரு நகல் கிளிப் செய்து எல்லோரையும் அதற்கு மாற்றிவிடலாம், அசல் கிளிப் அவளுக்கு மட்டும் இருக்கட்டும் என்று கணக்குப் போட்டார். பதற்றத்தில் அவளையும் சேர்த்தே மாற்றிவிட்டார். அசல் கிளிப்பின் பட்டியலைத் திறந்தால், 'எங்கும் பயன்பாட்டில் இல்லை' என்று வந்தது. கம்ப்யூட்டர் கிளிப்பைத்தான் சொல்கிறது என்று தெரிந்தும் அவர் அவசரமாகத் திரையை அணைத்தார்.

மேனேஜர் வந்தார். "ஒரு கிளிப்புக்கு ரெண்டு நம்பரா? ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் கேளுங்க, கிளிப் வேணுமா, வேண்டாமான்னு. வேண்டாம்னு சொன்னா எடுத்துடுங்க."

எல்லோரும் திட்டிக்கொண்டே வேண்டும் என்றார்கள். மிச்சம் ஒரே ஒரு பெயர். அரை மில்லி எண்ணை அழுத்துவார், அழிப்பார், மறுபடி அழுத்துவார். வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அவள் வாயால் அதைக் கேட்க அவருக்குத் தெம்பில்லை. கேட்காமலே தொட்டியிலிருந்து எடுத்துவிடலாம் என்று போனைக் கீழே வைத்தார்.

எல்லாக் கிளைகளுக்கும் மாதிரி பூட்டுவது இங்கே கீழேயுள்ள பட்டறையில்தான். அங்கே மாதிரித் தொட்டியைப் பூட்டிக்கொண்டிருந்த ஃபிட்டர், கையில் கிளிப்போடு மேலே வந்தார்.

"சார், வீட்டம்மா வரைஞ்ச தொட்டியைப் பூட்டியாச்சு. ஒரே ஒரு சந்தேகம்."

"ஓட்டை சேரலியா?"

"அதெல்லாம் கச்சிதமா சேருது. ஆனா அந்தத் தொட்டியில ஒரு வயர்கூடக் கிடையாதே சார். உங்க கிளிப்பை எதுக்கு அங்க போட்டிருக்காங்க?"