பேய்த் தொடருக்கு மார்க் போட்டவர்

இருட்டி வெகுநேரம்கூட ஆகவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலில் நடந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

யாரோ இரும்புப் பெட்டியை மாடிப்படியில் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஏறுவது போல ஒரு சத்தம். நின்றது. பிறகு சைக்கிள் டயரிலிருந்து காற்றுப் போவது போல ஒரு சீழ்க்கை. மறுபடி பெட்டி. மறுபடி டயர்.

நான் இயல்பிலேயே பயந்தவள். கான்வென்டில் சிஸ்டர் ஆஜர் எடுக்க என் பெயரைக் கூப்பிட்டாலே, செய்யாத தப்புக்கு ஒரு சாரி சொல்லிவிட்டு உட்காருவேன். கல்யாணமான பிறகு பல்லிக்குப் பயந்தேன். குழந்தை பிறந்த பிறகு தனித்தனியாகப் பயப்பட நேரம் கிடைப்பதில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பயமாகப் பயந்துவிடுகிறேன்.

படுக்கையறைக் கதவைத் தட்டினேன். "என்னங்க."

உள்ளே டிவிதான் அலறியது. மாடி அக்காவுக்குப் போன் போட்டேன்.

மாடி அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். ஒரு வேன் நிறையப் பிள்ளைகளை ஒரே முறைப்பில் உட்கார வைக்கத் தெரிந்தவர். நைட்டிக்கு மேல் துண்டு, கையில் டார்ச் என்று இறங்கி வந்தார்.

"எங்கேருந்து வருது?"

"ரூம்லேருந்துக்கா."

"உள்ள யாரு?"

"அவர்தான். மார்க் போடறாரு."

அக்கா கதவில் காதை வைத்தார். "டிவில என்ன ஓடுது?"

"டிரைவர் கார்லயே தூங்கிட்டாரு. பின் சீட்ல குழந்தை அழுது. இப்ப கண்ணாடில பேய் சுரண்டும் பாருங்க."

சுரண்டியது. அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீ எப்ப பார்த்தே?"

"பார்க்கலைக்கா. தினமும் வெளியில நின்னு கேக்கறேன். கேட்டுக் கேட்டு எப்ப சுரண்டும்னு தெரிஞ்சுபோச்சு."

"அப்ப அந்தக் குறட்டை டிவில வர்ற டிரைவரோடதா இருக்கும்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உள்ளே ஒரு தாலாட்டு பாடி முடிந்தது. உடனே முடிவு இசை வந்தது. டிவி ஓய்ந்தது. இரும்புப் பெட்டி மட்டும் தன் பாட்டுக்குப் படியேறிக்கொண்டிருந்தது.

அக்கா டார்ச்சை அணைத்தார். "இது பேய் இல்லம்மா. புருஷன்."

"நல்லாத் தெரியுமாக்கா?"

"எங்க வீட்லயும் இதே மாடல் ஒண்ணு இருக்கு. உங்களுது கொஞ்சம் சின்ன சைஸ்."

என் கணவர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரார் கண்ணை அகலத் திறக்கச் சொல்லி உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்க்கிற தொழில். அவர் மார்க் போடுவது என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

'ஈரக் காலடி' என்று ஒரு பேய்த் தொடர் வந்தது. அதில் ஒரு துப்பறிவாளர். கடைசி எபிசோடில் அவர் செத்துப்போனார். எடுத்தவர்களுக்கு மனசு கேட்கவில்லை. அவருடைய உதவியாளருக்கு ஒரு கிளைத் தொடர் ஆரம்பித்தார்கள். பிறகு பிணவறை நர்ஸுக்கு ஒன்று. கார் டிரைவருக்கு ஒன்று. இப்போது அந்தத் துப்பறிவாளரின் எதிர்வீட்டுக்காரருக்கும் ஒன்று வரப்போகிறதாம். எங்கள் கல்யாணத்துக்குக்கூட இத்தனை சொந்தக்காரர்கள் வரவில்லை.

இந்தக் கிளைத் தொடர்களில் சிறந்த எபிசோடைத் தேர்ந்தெடுத்து ரசிகர் மன்றம் பரிசு கொடுக்கிறது. என் கணவர் அதற்கு நடுவர். பரிசு அறிவிக்கும் அன்று 'நடுவர் குழு' என்ற தலைப்பின் கீழ் அவர் பெயர் டிவியில் வரும். கடைக்குக் கண் காட்ட வருகிறவர்களை எழுத்துப் பலகை முன்னால் உட்கார வைத்து, "கடைசி வரி தெரியலையா? பரவாயில்ல, என் பேரு பெரிய எழுத்துல வரும், பாத்துடுவீங்க" என்று சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது.

மன்றத்தில் ஒரு விதி. நடுவர் தனி அறையில், மூடிய கதவுக்குள், யாருடைய தொந்தரவும் இல்லாமல் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் கட்டில் உள்ள அறை ஒன்றுதான். டிவி ஹாலிலிருந்து அங்கே குடிபோனது. தொந்தரவு என்ற வகையில் நானும் குட்டியும் ஹாலுக்குக் குடிவந்தோம். ஹால் ஜன்னலுக்கு வெளியே மாடிப்படி. யார் ஏறினாலும் சுவரில் நிழல் ஏறும். உள்ளேயிருந்து பிணவறை நர்ஸ் சிரிப்பாள். குட்டி அழுவாள். கூடவே நானும் கொஞ்சம்.

நான் கடைசியாக முழுசாகத் தூங்கியது பிரசவ ஆஸ்பத்திரியில். அதுவும் மயக்க ஊசி போட்டதால்.

மறுநாள் காலை அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே ஆரம்பித்தார்.

"நேத்து எபிசோடு வெளியில கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கதை எவ்வளவு புரிஞ்சுது? சும்மா சொல்லு. ஒலிப்பதிவுக்குத் தனியா மார்க் இருக்கு. பார்க்காதவங்களுக்கும் கதை விளங்கணும். அதான் உலகத் தரம்."

இந்தக் கேள்வி தினமும் வரும். தினமும் நான் ஒன்றுவிடாமல் சொல்வேன். நர்ஸின் செருப்புச் சத்தம் ஒரு காலுக்கு மட்டும் கேட்கிறது என்று நான் சொன்னதை அவர் எழுதி அனுப்பி, 'நுட்பமான ரசனை' என்று மன்றத் தலைவியிடம் பாராட்டு வாங்கினார். நேற்று ராத்திரி வரை நான் ஒலிப்பதிவுக்குத்தான் உதவுகிறேன் என்று நம்பியிருந்தேன். கான்வென்ட் வளர்ப்பு. யாராவது அழுத்திச் சொன்னால் நம்பிவிடும்.

"என்னங்க, இன்னிக்கு ஒரு நாள் குட்டிய நீங்க வச்சுக்கங்களேன். நான் உள்ள போய்ப் படுத்துக்கறேன். கண்ணு ரெண்டும் எரியுது."

"கடைக்கு வா, சொட்டு மருந்து தரேன்."

"மருந்து வேணாம். தூக்கம் வேணும்."

"இன்னிக்கு எப்படிம்மா? சாயங்காலம் நடுவர் கூட்டம், போன்ல. நாளைக்குக் கடைசி ரெண்டு எபிசோடு."

"அடுத்த வாரம்?"

"அடுத்த வாரம் எதிர்வீட்டுக்காரர் வந்துடுவாரே."

"நீங்க உள்ள தூங்கறீங்கன்னு மாடி அக்கா சொல்றாங்க."

அவர் வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தார். "கண்ண மூடி ரசிக்கறது தூக்கமா? நான் கண்ணுத் தொழில்ல இருக்கறவன். எப்பத் திறக்கணும், எப்ப மூடணும்னு வேன் ஓட்டறவங்க எனக்குச் சொல்லித் தரணுமா?"

"இல்லைங்க."

"சரி, டிரைவர் என்ன பண்ணினான்? சொல்லு."

பள்ளிக்கூடத்தில் நீதிபோதனைப் பாடத்தில் எனக்குத்தான் முதல் மார்க். பொய் சொல்லக் கூடாது, தெரியும். ஆனால் ஒருவர் கண்ணால் பார்த்ததாகச் சொல்லும் விஷயத்தை அவரிடமே மாற்றிச் சொன்னால் அது பொய்யில் சேருமா என்ற பாடம் வருவதற்குள் நான் படித்து முடித்து வெளியே வந்துவிட்டேன்.

"டிரைவர் வண்டிய ஓரமா நிறுத்தறாரு. பின் சீட்ல ஒரு குழந்தை அழுது."

"ம்."

"எடுத்துத் தோள்ல போட்டுக்கறாரு. ரோட்டுல இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் நடக்கறாரு. விடிய விடிய. பேய் வருது. அவரு முகத்தப் பாக்குது. 'இந்தாளு ஏற்கெனவே பாதி செத்துட்டான்'னு திரும்பிப் போயிடுது."

"பிரமாதம்," என்றார். ரொட்டி வாயருகே நின்றுவிட்டது. "அந்த இடத்துல எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

"எந்த இடத்துல?"

"நடக்கற இடத்துல."

சாயங்காலம் கூட்டம். தன் பேச்சை வீடே கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு ஹால் மேஜையில் வைத்தார். மன்றத் தலைவி ஒரு பல் டாக்டர். அவர் கேள்வி கேட்டால் எதிரில் இருப்பவர் வாய் தானாகத் திறந்துவிடும்.

"கண்ணாடிக்கார சார், உங்க தேர்வு எது?"

"சந்தேகமே இல்ல மேடம். டிரைவர் தொடர், நேத்து வந்த எபிசோடு. பத்துக்குப் பத்து." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒரு ஆம்பள. ஒரு குழந்தை. ஒரு ராத்திரி. தோள்ல போட்டுக்கிட்டு விடிய விடிய நடக்கறான் மேடம். முகம் சுளிக்கல. யாரையும் எழுப்பல. ஆம்பளைன்னா இப்படி இருக்கணும். அந்தக் குழந்தையப் பெத்தவ எங்கேயோ நிம்மதியாத் தூங்கறா பாருங்க, அதுதான் மேடம் காவியம்."

பெற்றவளை நான் சொல்லவே இல்லை. அது அவருடைய சொந்தச் சரக்கு.

பல் டாக்டர் மெதுவாகக் கேட்டார். "எந்த எபிசோடுன்னு சொன்னீங்க?"

"நேத்து வந்தது மேடம். டிரைவர்."

"டிரைவர் நடக்கறாரா?"

"என்ன ஒரு நடை மேடம்."

"நான் பாத்ததுல அவரு கார் கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு முழு நேரமும் குறட்டை விட்டாரே. குழந்தை அழுது அழுது, கடைசில பேயே பொறுக்க முடியாம உள்ள வந்து தாலாட்டிட்டுப் போச்சே."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் குட்டியைப் பார்த்தேன். குட்டி மின்விசிறியைப் பார்த்தாள்.

"எபிசோடு பாத்தீங்களா, இல்லையா?"

"பாத்தேன் மேடம். கொஞ்சம்... கண்ண மூடி..."

"பக்கத்துல குழந்தைச் சத்தம் கேக்குதே. யாரு இருக்காங்க?"

"வொய்ஃப் மேடம்."

"அவங்ககிட்ட குடுங்க."

போன் மேஜையில் இருந்தது. அதை யாரும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் நான் எழுந்து நின்றேன். பழக்கம். "குட் ஈவினிங் மேடம்."

"இந்த நடக்கற கதைய யாரும்மா சொன்னது?"

"நான்தான் மேடம். சாரி மேடம்."

"நிஜக் கதை தெரியுமா?"

சொன்னேன். குறட்டை, சுரண்டல், தாலாட்டின் நடுவில் பேய்க்கு ஒரு தடவை மூச்சு வாங்கியது வரை சொன்னேன்.

"நர்ஸுக்கு ஒரு செருப்புச் சத்தம்தான் கேக்குதுன்னு எழுதினதும்?"

"ஒலிப்பதிவு சோதனைன்னு கேட்டாரு மேடம். நான் ஹால்ல நின்னு, பயந்துகிட்டே கேட்டுச் சொன்னது."

"சார்," என்றார் பல் டாக்டர். வலிக்காது என்று சொல்லும் குரல். "உங்க பேர எடுத்துடறேன்."

என் கணவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். நாளைக்கு எந்த முகத்தோடு எழுத்துப் பலகை முன்னால் நிற்பார்? பாவம், என்னைக் கட்டிக்கொண்ட ஆள். ஆனால் என் தூக்கமும் அந்த ஒரு அறைக்குள்தான் இருந்தது. நான் இப்போது வாயை மூடிக்கொண்டு நின்றால் இருவருக்கும் ஒன்றும் கிடைக்காது.

"மேடம், பேரு அவருதே இருக்கட்டும். மார்க் நான் போடறேன்."

"நீங்களா?"

"அவ எப்படி மேடம்?" கணவருக்குக் குரல் திரும்ப வந்துவிட்டது. "அவ பல்லிக்கே பயப்படுவா. ரூம்ல தனியா உக்காந்து பேய்க் கதை பாக்கறதாவது."

"பேய்க் கதை பாத்து நீங்க தூங்கினீங்க சார். அந்த எபிசோடுக்கு நான் என்ன மார்க் போடறது? பயப்படறவங்க பாக்கட்டும் சார். அப்பதான் எது நல்ல பேய்னு தெரியும்." பேனா மூடும் சத்தம் கேட்டது. "ரெண்டு பேர் பேரையும் போட்டுடறேன். விதி தெரியுமில்ல? தனி ரூம், மூடின கதவு. குழந்தை ஒரு பிரச்சினையே இல்ல. விடிய விடிய நடக்கறதுதான் காவியம்னு நீங்களே சொன்னீங்க. இத்தனை பேர் கேட்டோம்."

மறுநாள் இருட்டியதும் அவர் கடையிலிருந்து வந்து கையைக் கழுவி, குட்டியைப் புது லென்ஸைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ரெண்டு எபிசோடும் எவ்வளவு நேரம் ஓடும்?"

"நீளம்தான்."

"முடிஞ்சதும் வந்துடுவே இல்ல?"

"முடிஞ்சா உடனே மார்க் போட முடியுமா? ரெண்டையும் ஒப்பிடணும். யோசிக்கணும்."

"எவ்வளவு நேரம் யோசிப்பே?"

"தெரியலைங்க. முதல் தடவைதானே."

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். டிவியைப் போட்டேன். வெளியே குட்டி ஆரம்பித்தாள். அவர் காலடி ஜன்னல் பக்கம் போயிற்று, சமையலறைப் பக்கம் திரும்பிற்று, மறுபடி ஜன்னலுக்குப் போயிற்று. மாடிப்படியில் யாரோ ஏறியிருக்க வேண்டும். காலடி சட்டென்று கதவருகே வந்து நின்றது.

"ஏம்மா. சுவத்துல ஒரு நிழல் போச்சு."

"போகும்ங்க."

"யாருது?"

"சொல்லக் கூடாது. நடுவர் பேசக் கூடாது."

"தாழ்ப்பாள் மட்டும் போட்டுடாதே, என்ன? உனக்குப் பயமா இருந்தா நான் டக்குனு வரணும்ல."

அவர் குரல் லேசாக நடுங்கியது. அதில் எனக்கு வந்த தைரியத்தைச் சொல்லி முடியாது.

அந்த இரண்டு எபிசோடும் மத்தியானமே வந்துவிட்டன. குட்டி மடியில் தூங்க, திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு, நல்ல வெயிலில் உட்கார்ந்து இரண்டையும் பார்த்து, மார்க்கும் போட்டு, பல் டாக்டரிடம் சபாஷும் வாங்கியாகிவிட்டது. இப்போது ஓடுவது சமையல் நிகழ்ச்சி. அதையும் அணைத்தேன். தலையணையைத் தட்டிப் போட்டேன். எழுந்து போய்க் கதவை உள்பக்கம் தாழிட்டேன்.