பாலைவனத்தில் ஒரு பொலிஸ் பதிவு

வாழ்நாளில் ஒரேயொரு தடவைதான் நான் பொலிசில் அகப்பட்டிருக்கிறேன். அன்று யாரும் என்னைத் தேடவில்லை. நானே குதிரையில் ஏறிப் போய் அகப்பட்டேன்.

யுத்தகாலத்தில் நானும் அம்மாவின் தங்கையான சின்னம்மாவும் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எல்லோரையும்போல நாங்களும் பொலிசில் பதிய வேண்டும். பெயர், அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி, கொழும்புக்கு வந்த காரணம், திரும்பிப் போகும் திகதி. நான் படவரைஞர் டிப்ளோமா முடித்தவள், கையெழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும். ஆகவே எங்கள் கட்டடத்தின் பதினொரு வீட்டுப் படிவங்களையும் நானே நிரப்பினேன். கூடவே யார் எந்த அறையில் படுக்கிறார்கள் என்று அளவுப்படம் வரைந்தும் இணைத்துவிடுவேன். (யாரும் கேட்கவில்லை. அந்த வயதில் பெருமைப்பட வேறு என்ன இருந்தது?)

எனக்குச் சிக்கல் 'வந்த காரணம்' என்ற கட்டம்தான். கட்டட வேலைகள் நின்று, படம் வரையும் வேலையும் போய், கொட்டாஞ்சேனையில் ஒரு பயண முகவரிடம் தற்காலிக எழுதுவினைஞராக இருந்தேன். 'தற்காலிகம்' என்ற சொல்லைக் கண்டதும் பதிகிற அதிகாரி தலையை நிமிர்த்துவார். அப்படியென்றால் எப்போது திரும்பிப் போகிறீர் என்று சிங்களத்தில் கேட்பார். நிரந்தர நியமனக் கடிதம் ஒன்று இருந்தால் அந்தக் கேள்வி வராது. கொழும்பில் எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு கடிதம்தான்.

அதற்கு ஒரு வழி குதிரையில் வந்தது. வெளிநாட்டுக்குப் போனவர்கள் அப்போது இங்கே வரப் பயந்து, இந்தியாவில் வைத்துத்தான் பெற்றோரைச் சந்தித்தார்கள். அவர்களுக்குக் கோயில் பயணம் விற்றுக்கொண்டிருந்த எங்கள் மனேஜர் அன்ரன் சேருக்கு ஒரு துண்டுப்பிரசுரம் கிடைத்தது. ராஜஸ்தான் பாலைவனத்தில் நான்கு நாள் குதிரையில் போய், பழைய முறைப்படி நடக்கும் கால்நடைச் சந்தையைப் பார்க்கலாமாம். வெளிநாட்டில் வளர்ந்த இளசுகளுக்கு ஏற்ற பயணம் என்று அவர் நினைத்தார்.

"நீர் போய்ப் பாரும் பிள்ளை. சந்தை நடக்கேக்க படம் எடுத்துக்கொண்டு வாரும். சரிவந்தால் அந்தப் பகுதியை உமக்கே தாறன், நிரந்தரமாய்."

"எனக்குக் குதிரை ஓடத் தெரியாது சேர்."

"வாற பிள்ளையளுக்கு மட்டும் தெரியுமோ?"

கலியாணமாகாத குமர்ப்பிள்ளையைத் தனியே விட முடியாதென்று சின்னம்மாவும் புறப்பட்டார். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்த பிறகு மீன்காரரின் கண்ணையும் பார்க்கிறவர் அவர். எங்கள் இருவருக்கும் பொதுவான குணம் சந்தேகம். கொழும்பில் அது ஒரு தகைமை.

குதிரைக்காரரின் பெயர் பன்வர். ஐம்பது வயதிருக்கும், பெரிய மீசை, பயணிகளோடு பழகிக் கற்ற ஆங்கிலம். எங்களைக் கண்டதும் சிரித்தார், தேநீர் தந்தார், சின்னம்மா சேலையோடு குதிரையில் ஏறுவதற்கு ஒரு முக்காலியைக்கூடக் கொண்டுவந்து வைத்தார். நான் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, 'சந்தேகத்துக்குரியவை' என்று தலைப்பிட்டு அடிக்கோடும் போட்டேன். முதலாவது, காரணமில்லாத சிரிப்பு. இரண்டாவது, கடவுச்சீட்டைப் பார்க்கவில்லை. மூன்றாவதாகக் குதிரைகளைச் சேர்த்தேன். அந்த ஊர்க் குதிரைகளுக்குக் காதுகளின் நுனி உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடும். பின்னால் இருப்பவர் கதைப்பதை ஒட்டுக்கேட்கிற மாதிரி இருந்தது.

"சின்னம்மா, நாங்கள் ஆரெண்டே ஒருத்தரும் கேக்கேல்லை."

"அதுதான் எனக்கும் யோசனை. இவ்வளவு நல்லவனாய் இருக்கிறதுக்கு இவனுக்கு என்ன தேவை?"

அன்று பின்னேரம் கூடாரம் அடித்ததும், பொலிஸ் நிலையம் எங்கே என்று பன்வரிடம் கேட்டேன். ஏதாவது களவு போய்விட்டதா என்றார். இல்லை என்றேன். பிறகு எதற்கு என்று சிரித்துவிட்டுக் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போனார். 'பொலிஸ் என்றதும் பேச்சை மாற்றுகிறார்' என்று எழுதிக்கொண்டேன்.

மறுநாள் காலை, பதியாமல் ஓரடியும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பொலிஸ் நிலையம் வழியை விட்டு இரண்டு மணித்தியாலம் உள்ளே, வியாபாரம் முடிந்தால் சந்தை எங்களுக்காகக் காத்திராது, மிருகங்களை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவர் மன்றாடினார். நான் கணக்குப் பார்த்தேன். அரை நாள் போனாலும் சந்தையின் கடைசி நாளுக்குப் போய்விடலாம். பதிவில்லாத இடத்தில் இரண்டாவது நாள் தங்குவதைத்தான் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பொலிஸ் நிலையம் என்பது இரண்டு அறையும் ஒரு வேப்பமரமும். இன்ஸ்பெக்டர் மரத்தடியில் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் குதிரைகள் நேரே அவருடைய கடலைக்குப் போயின. எனக்கு இறங்கத் தெரியாததால் மேலே இருந்தபடியே, முதல்நாள் இரவு நானே தயாரித்த படிவக் கோப்பை நீட்டினேன். படிவம் மூன்று பிரதிகள். இணைப்பாக, நாங்கள் தங்கிய இடத்தின் வரைபடம், வடக்குத் திசை குறித்து, அளவுத்திட்டத்துடன். கூடாரங்கள், பாதை, கிணறுகள், கிணற்றுக்குக் கிணறு தூரம்.

பாகிஸ்தான் எல்லை அங்கிருந்து எவ்வளவு தூரம் என்பதை மட்டும் நான் குறிக்கவில்லை. அதை அவர் குறித்தார்.

கடலையை ஒதுக்கி வைத்துவிட்டு, உங்களை வரச் சொன்னது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"யாரும் சொல்லவில்லை."

"பிறகு ஏன் வந்தீர்கள்?"

"நாங்கள் வராவிட்டால் நீங்கள் வருவீர்கள்."

"நான் ஏன் வரவேண்டும்?"

எத்தனையோ படிவம் நிரப்பியிருக்கிறேன். இந்தக் கேள்வி எதிலும் இருந்ததில்லை. பதிலாக வரைபடத்தின் அளவுத்திட்டத்தை விளக்கத் தொடங்கினேன். அந்த விளக்கம்தான் அவருக்கு மிகவும் சந்தேகமாக இருந்திருக்க வேண்டும். உடனே படத்தை மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பினார். பதில் வரும்வரை நிலையத்துக்குப் பின்னாலேயே கூடாரம் அடித்துக்கொள்ளும்படி உத்தரவு.

பதில் வர மூன்று நாள் ஆனது.

இருபது வருடமாக இந்தப் பாதையில் போகிறேன், இந்த நிலையத்தின் உட்பக்கத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் பன்வர். கோபமில்லை, ஆச்சரியம்தான். இன்ஸ்பெக்டரிடம் திரும்பத் திரும்ப எங்களுக்காகப் பேசினார். சின்னம்மாவின் தேநீருக்காக எங்கேயோ நடந்து போய் ஆட்டுப்பால் வாங்கி வந்தார். நான் குறிப்புப் புத்தகத்தை எடுத்து முதல் வரியை வெட்டினேன். பிறகு இரண்டாவதையும் நான்காவதையும். (குதிரையை வெட்டவில்லை. அது என் தொப்பியைத் தின்றுவிட்டது.)

சின்னம்மா ஆட்டுப்பால் தேநீரைக் குடித்துக்கொண்டு சொன்னார்: "நீ ஒருத்தரையும் நம்பாமல் வந்தனி. இப்ப உன்னை ஒருத்தரும் நம்புகினமில்லை. கணக்குச் சரி."

"நீங்களும்தானே சந்தேகப்பட்டனீங்கள்?"

"நான் மனசுக்குள்ள பட்டனான். நீ படமெல்லே கீறினனி."

விடுவித்தபோது இன்ஸ்பெக்டர் வெட்கப்பட்டார் என்றே நினைக்கிறேன். இனி எங்கேயும் பதியத் தேவையில்லை என்று மூன்று தரம் சொன்னார். நான் அதை எழுத்தில் கேட்டேன். பெருமூச்சு விட்டு எழுதி, முத்திரையும் குத்தித் தந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சந்தை இல்லை. வெளி முழுக்கக் குளம்படிகள், சாணம், அறுந்த கயிறுகள். ஆயிரக்கணக்கான ஒட்டகமும் மாடும் குதிரையும் அதற்கு முந்தின நாள்தான் அங்கே நின்றனவாம். பன்வர் கையை நீட்டி நீட்டி, எது எங்கே நின்றிருக்கும் என்று காட்டினார். நான் அந்த இடங்களையெல்லாம் படம் எடுத்தேன். முப்பத்தாறு படங்கள். ஒவ்வொன்றை எடுக்கும்போதும் நிரந்தரக் கடிதம் ஒரு அடி தள்ளிப் போனது.

கொட்டாஞ்சேனையில் அன்ரன் சேர் முப்பத்தாறையும் மேசையில் பரப்பினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, இது இங்க இருக்கிற முகத்துவாரக் கடற்கரை எண்டு நான் சொன்னால், நீர் என்ன சொல்லுவீர்?"

கோப்பைத் திறந்து இன்ஸ்பெக்டரின் கடிதத்தை வைத்தேன். 'மேற்படி பெண்மணி எவரும் அழைக்காமல், சொந்த விருப்பத்தின்பேரில், குதிரையில் வந்து இந்நிலையத்தில் ஆஜரானார். படிவங்கள் மிகச் சுத்தமாக நிரப்பப்பட்டிருந்தன. இனி இவர் எங்கும் பதியத் தேவையில்லை.' அன்ரன் சேர் இரண்டு முறை வாசித்தார். பிறகு படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி, அதை இன்னும் அதிக நேரம் பார்த்தார். பிழையாக நிரப்பியதால் தூதரகம் திருப்பி அனுப்பிய வீசா விண்ணப்பங்கள் அவர் பக்கத்தில் ஒரு அடுக்காகக் கிடந்தன.

"குதிரையை விடும். நாளையில இருந்து இந்தக் கட்டு உம்மட பொறுப்பு."

அடுத்த மாதம் நிரந்தர நியமனக் கடிதம் வந்தது. அதை வெள்ளவத்தைப் பொலிசில் காட்டியபோது அதிகாரி தலையை நிமிர்த்தவில்லை. அவர் ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தியதும் நான் இரண்டு நிமிடம் அப்படியே நின்றேன். போகலாம் என்று அவரே சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது சின்னம்மா ரொறன்ரோவில், என் அண்ணா வீட்டில் இருக்கிறார். நான் போகும்போதெல்லாம் விருந்துக்கு வந்தவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வார். ஒவ்வொரு வருடமும் குதிரை உயரமாகிக்கொண்டு போகிறது, இன்ஸ்பெக்டர்களும் இரண்டாகிவிட்டார்கள். பிள்ளைகள் சேலையோடு குதிரை ஏறும் இடத்தில் சிரிப்பார்கள். பெரியவர்கள் நான் படிவக் கோப்பை நீட்டும் இடத்தில்தான் சிரிப்பார்கள், கண்ணில் நீர் வரும்வரை.

போன தடவை, அங்கேயே பிறந்த அண்ணாவின் கடைசி மகள் எல்லோரும் சிரித்து முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "பொலிஸ் கூப்பிடேல்லைத்தானே மாமி, பிறகேன் போனனீங்கள்?"

அண்ணா என்னைப் பார்த்தார். நான் சின்னம்மாவைப் பார்த்தேன். சின்னம்மா அவளுடைய தட்டில் இன்னொரு வடையை வைத்தார்.