லேசர் அங்கிளின் இருபது நிமிடம்

என் ஆயுளில் நான் சந்தித்தவர்களிலேயே முழுமனதாகச் சந்தேகப்படத் தகுந்த மனிதர் லேசர் அங்கிள்தான். அமெரிக்காவில் நாங்கள் இருந்த ஈஸ்ட் பிரன்ஸ்விக் ஊர்த் தமிழர்களில் பாதிப் பேருக்கு அவருடைய நிஜப் பெயர் தெரியாது. தெரியும் என்றவர்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள்.

எண்பதுகளின் நடுவில் எனக்குப் பெண் பிறந்தாள். மூன்றாம் வாரமே என் இரண்டு கைகளும் மரத்துப்போக ஆரம்பித்தன. கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரை எறும்பு ஊரும். பிறகு விரல் இருப்பதே தெரியாது. ஒருநாள் குளிப்பாட்டித் துவட்டும்போது குழந்தை நழுவி, நல்லவேளையாகத் துண்டுக் குவியலில் விழுந்தாள். அன்றிலிருந்து அவளைத் தூக்கவே பயம். தொட்டில் ஓரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் அம்மாவாகிவிட்டேன். மணிக்கட்டில் நரம்பு நெருக்குப்படுகிறது, கார்ப்பல் டனல் என்றார் டாக்டர். பிள்ளை பெற்றவர்களுக்கு வருவதுதானாம். பட்டை போட்டுக்கொண்டு கைக்கு ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தானே சரியாகுமாம்.

எங்கே போவது ஓய்வுக்கு? அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் குழந்தை பார்க்க மூன்று கார் நிறைய ஆட்கள், கையில் ஒரு ஃபிராக், வாயில் அறிவுரை. அவர்களுக்குக் காபி போட்டு, பஜ்ஜி சுட்டு, பாத்திரம் தேய்ப்பது பிள்ளை பெற்றவள்தான். என் கணவர் நல்லவர். ஆனால் சமையலறை வாசலைத் தாண்டி அறியாதவர்.

இந்த நிலையில்தான் ஒரு ஞாயிறு மதியம் லேசர் அங்கிள், தையல் மிஷின் பெட்டி அளவு கருவியோடு வந்து இறங்கினார். ஊசிக்குப் பதில் லேசர் வைக்கும் அக்குபங்சராம். ஆபீஸ் லேபில் கழித்துப்போட்ட சாமான்களை வைத்துத் தானே செய்ததாம். யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டேன்.

"கூட வேலை பாக்கற சைனாக்காரர் லன்ச் டைம்ல சொல்லிக் குடுத்தாரும்மா."

ஞாயிறுதோறும் பார்சிப்பனி ஊரிலிருந்து வரும் ஆன்ட்டியிடமோ, தபால் வழியில் படித்ததாகச் சொல்லியிருந்தார். இருந்தும் கையை நீட்டினேன். குழந்தையைத் தூக்க முடியும் என்றால் பேயோட்டுகிறவரிடம்கூட நீட்டியிருப்பேன்.

மணிக்கட்டு மடிப்புக்கு இரண்டு விரல் மேலே, பேனா மாதிரி ஒன்றை வைத்தார். வெளிச்சமே வரவில்லையே என்றேன்.

"இன்ஃப்ரா ரெட்டும்மா. கண்ணுக்குத் தெரியாது. இருபது நிமிஷம் கை அசையக் கூடாது. அப்புறம் ரெண்டு மணி நேரத்துக்குத் தண்ணி, சூடு, கனம் எதுவும் ஆகாது."

வாராவாரம் வந்தார், அதுவும் சரியாக விருந்தாளிகள் வரும் நேரத்துக்கு. பஜ்ஜிக்குத்தான் வருகிறார் என்று முடிவு கட்டினேன். ஒரு வாரம் ஏழு சாப்பிட்டார். எல்லா ஆன்ட்டிகளும் அவருக்கு சிஸ்டர்.

"சிஸ்டர், நீங்களே காபி போட்டுடுங்க. இங்க லேசர் ஓடிட்டிருக்கு."

"நாங்கல்லாம் பெத்து பதினோராம் நாளே மாவாட்டினோம்" என்றார் பார்சிப்பனி ஆன்ட்டி.

"அப்போ லேசர் இல்லையே, சிஸ்டர்."

ஆன்ட்டி எழுந்து உள்ளே போனார். அடுத்து அங்கிள் என் கணவரைப் பிடித்தார். "தம்பி, பாத்திரத்தை நீங்க வாஷ் பண்ணிடுங்க." அவர் இன்ஜினீயர். சோப்பு நுரைக் கையோடு வந்து, லேசர் நரம்புக்குள் எப்படிப் போகிறது என்று விருந்தாளிகளுக்கு விளக்குவார்.

நாலாவது ஞாயிறு, வேறு வேலையில்லாமல் கருவியின் வயர் போன வழியே என் கண்ணும் போனது. சோபாவுக்கு அடியில் பிளக் சும்மா கிடந்தது.

"அங்கிள், பிளக்கே சொருகல."

மனிதர் அசரவில்லை. "சொருகினா உள்ள ஃபேன் சத்தம் போடும். பாப்பா முழிச்சுக்கும்."

"நாலு வாரமாவா?"

குரலைத் தாழ்த்தினார். "ரெஸ்ட் எடுக்கணும்னு டாக்டர் சொன்னாரே, யாராவது விட்டாங்களா? லேசர்னா விடறாங்க. கையை ஆட்டாத."

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். சமையலறையில் பார்சிப்பனி ஆன்ட்டி என் கணவருக்குக் கடாய் தேய்க்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் விரல்கள் திரும்பி வந்தன. ஒரு ஞாயிறு எல்லோர் முன்னாலும் குனிந்து, தொட்டிலிலிருந்து என் பெண்ணை நானே தூக்கினேன். அவள் கனம் முழுக்க விரல்களில் தெரிந்தது, அழுதுவிட்டேன். எல்லோரும் லேசரைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அங்கிள் மட்டும் என் கைகளுக்குக் கீழே தன் இரண்டு கைகளையும் விரித்து ஏந்தியபடி நின்றார்.

"நழுவாது, அங்கிள்" என்றேன்.

"தெரியும்மா. இருந்தாலும்" என்றார், கையை எடுக்காமல்.

என் அப்பா அங்கே இருந்திருந்தால் அப்படித்தான் நின்றிருப்பார்.